பல்கலைக்கழக வாழ்வில் தனிமை

புலம்பு என்னும் சொல்லுக்கு அழுது அரற்றுதல் என்றே இன்று பொருள் கொள்கின்றனர். தொல்காப்பியர் காலத்தில் அச்சொல் தனிமையைக் குறித்தது. உரியியலில் அதற்குக் கூறப்படும் பொருளும் அதுவே. கடற்கரை நிலமாகிய நெய்தலின் தலைவனுக்குப் புலம்பன் என்ற பெயர் வழங்கியதைச் சங்க இலக்கியம் கற்றோர் அறிவர். தனிமையைச் சுட்டிய சொல், காலப்போக்கில், தனித்திருப்பவன் வாய்விட்டுக் கூறும் முறையீட்டைச் சுட்டலாயிற்று. பல்கலைக்கழகம் புகுந்த மாணவரிடத்திலோ இவ்விரண்டும் மீண்டும் பிரிந்து நிற்கின்றன. தனிமை இருக்கின்றது, முறையீடு இல்லை. ஊருக்கு எழுதும் கடிதத்தில் "இவ்விடம் நலம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும், பணம் கிடைத்தது, படிப்பு ஒழுங்காக நடக்கிறது" என்ற நான்கு செய்திகளுக்கு மேல் ஐந்தாவது செய்தி ஒன்று ஏறுவது அரிது. இக்காலத்துத் தொலைபேசி உரையாடலும் பெரும்பாலும் இந்நான்கினுள் அடங்கிவிடுகின்றது.

அந்த ஐந்தாவது செய்தி யாது, அது ஏன் எழுதப்படுவதில்லை என்பது ஆராயத்தக்கது. அதற்கு ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொள்வது நலம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளுள், ஊர்காவற்றுறைத் துறையைத் தன்பாற் கொண்ட பெருந்தீவுக்கு ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்டிருந்தனர். கரம்பொன், சரவணை, புளியங்கூடல், சுருவில் முதலிய ஊர்களோடு ஒட்டி அத்தீவில் அமைந்த ஊர் நாரந்தனை. பனையும், தோட்டமும், நல்ல நீருக்குக் காத்திருக்கும் கிணற்றடியும், கோயிலும், பள்ளிக்கூடமும் சேர்ந்ததே அவ்வூர் வாழ்க்கை. அங்கே ஒரு பிள்ளையை வழியிற் கண்டால், "நீ ஆர் பிள்ளை?" என்ற ஒரு வினாவே போதும். விடை கிடைத்ததும் அப்பிள்ளையின் பேரன் பேர்த்தி, வளவு, கோயில் உரிமை, குடும்பத்து வழக்கு யாவும் கேட்டவர் மனத்தில் வரிசையாக வந்து நிற்கும். அப்பிள்ளை தன்னைப்பற்றி வேறொன்றும் விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய ஊரிலிருந்து 1950களில் ஒருவர் பேராதனைக்குப் போவதாயின், ஊர்காவற்றுறைக்கு வந்து 'பாதை' என வழங்கும் மிதவையிற் கடலைக் கடந்து காரைநகர் வழியாகவேனும், பண்ணை வழியாகவேனும் யாழ்ப்பாணப் பட்டினத்தை அடைய வேண்டும். அங்கிருந்து புகையிரதத்தில் ஏறிப் பொல்காவலையில் வண்டி மாறி மலைநாட்டுக்குச் செல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னரும் அது ஒரு முழுநாட் பயணமாகவே இருந்தது. ஆயினும், பயணத்தின் நீளம் இங்கே பெரிதன்று. வண்டியால் இறங்கிய இடத்தில் "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்டாலும் அவ்விடையைக் கொண்டு எதையும் அறிந்துகொள்ள வல்லவர் இல்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி கொழும்பில் நிறுவப்பட்டது. அதற்கு முன்பே, 1906இல், பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடக்கியவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் அனைவரும் ஒரே வளாகத்தில் தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே அதனை அமைக்க விரும்பினார். 1952இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது அவ்விருப்பம் கல்லும் சுண்ணமுமாக எழுந்தது. அருணாசலத்தின் பெயராலும், அவர் தமையனார் இராமநாதன் பெயராலும் விடுதிகள் அமைந்தன. ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்கி உரையாடினால் மாணவர் தாமாகவே ஒரு சமுதாயமாக உருவாவர் என்பது அத்திட்டத்தின் உள்ளுறை. கேம்பிரிட்ஜில் அது பலித்திருக்கலாம். அங்கே அக்காலத்தில் விடுதிக்கு வந்த மாணவருட் பலர் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவரே.

பேராதனையின் முதலாண்டுகளில் அங்கு வந்தவர்களும் ஆங்கிலக் கல்லூரிகளிற் கற்றவர்களாதலின், கரண்டியும் முள்ளும் வைத்த உணவு மேசை அவர்களை அவ்வளவாக வெருட்டவில்லை. 1960ஆம் ஆண்டு கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. கிராமப் பாடசாலைகளிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பவர்கள் பெருந்தொகையாக வந்தனர். இந்நாட்டின் கல்வி வரலாற்றில் இது பெருமைக்குரிய திருப்பம். ஆனால், வாயில் திறந்த வேகத்தில் வீடு மாறவில்லை. விரிவுரை தமிழில் நடந்தது; நூலகத்தில் இருந்த நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. வளாகத்துக்கு வெளியே கடைத்தெருவில் வழங்கிய மொழி சிங்களம். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும், 1958ஆம் ஆண்டின் கலவரமும் அம்மூன்று மொழிகளுக்கு நடுவே ஏற்கெனவே நிழலைப் படரவிட்டிருந்தன. தீவகத்திலிருந்து சென்ற ஒரு மாணவர் ஒரே நாளில் இந்த மூன்று உலகங்களிலும் புகுந்து வெளிவர வேண்டியிருந்தது. எதிலும் அவர் முழுமையாக வீட்டுக்காரர் அல்லர்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். தீவுப்பகுதி மக்கள் ஊரைவிட்டுப் போவதற்குப் பழகாதவர்களா? நாரந்தனை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து தென்னிலங்கைப் பட்டினங்களுக்கு வாணிகத்தின் பொருட்டுச் சென்றவர் எத்தனையோ பேர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிற் கடைக்குப் போன சிறுவர் உண்டு. படுக்கை சாக்குமூட்டைக்கு அருகில். வேலை விடியற்காலை தொடங்கி இரவு கடை பூட்டும்வரை. வசதியை நோக்கின், விடுதி மாணவருக்கு வாய்த்ததில் பத்தில் ஒரு பங்கும் அவர்களுக்கு வாய்த்ததில்லை. அவர்களும் அழுதிருப்பர். எனினும், அச்சிறுவன் போன கடை ஊரவருடையது. முதலாளி ஊரில் இன்னாருக்கு மருமகன், சமைப்பவர் அயல்வீட்டுக்காரர், மூத்த கடைப்பையன் தமையன் முறை. ஊர்ப் பேச்சே அங்கும் பேச்சு. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு யார் போவது, யார் கடை பார்ப்பது என்பதே ஆண்டின் பெரிய வழக்கு. அவன் ஊரைவிட்டு நீங்கினான். ஊர் அவனைவிட்டு நீங்கவில்லை.

பல்கலைக்கழக மாணவர் சென்றதோ உறவின் வழியாலன்று. பரீட்சைப் புள்ளியின் வழியால். புள்ளி ஒருவரையே தெரிந்தெடுக்கும். அவரோடு விளையாடியவரும், அதே வாங்கில் இருந்து படித்தவரும் ஊரில் நின்றுவிடுவர். நல்ல அறையும் மின்விளக்கும் கிடைத்தவர் தனிமையால் வாட, சாக்குமூட்டையருகில் படுத்தவர் அவ்வளவு வாடாதிருந்தமைக்குக் காரணம் இதுவே.

சுவிற்சர்லாந்து நாட்டு மருத்துவ மாணவரான யோகான்னஸ் ஹோபர் என்பவர் 1688இல் பாசல் நகரில் ஓர் ஆய்வேட்டை எழுதினார். வீட்டை நினைந்து ஏங்கும் ஏக்கத்தை ஒரு நோயாகக் கொண்டு அதற்குக் கிரேக்கச் சொற்களைக் கூட்டி முதன்முதலாக ஒரு பெயரிட்டவர் அவரே. அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று, பேர்ண் நகரிலிருந்து பாசலுக்குக் கல்வியின் பொருட்டு வந்த ஓர் இளைஞனைப் பற்றியது. அவன் உணவு ஒழிந்து, காய்ச்சல் கண்டு, இறக்கும் நிலையை அடைந்தான். மருந்து ஒன்றும் பயனளிக்காமையால் ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தனர். வண்டி புறப்பட்டதுமே அவன் தேறத் தொடங்கினான். ஊர் சேருமுன் குணமடைந்துவிட்டான். முந்நூறு ஆண்டுக்கு முன்பே மாணவரின் தனிமை மருத்துவ நூலில் இடம்பெற்றுவிட்டது என்பது ஒருபுறமிருக்க, அவ்விளைஞனின் கதையில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: திரும்பிச் செல்ல அவனுக்கு ஓர் ஊர் இருந்தது, அவன் விட்டுவந்தபோது இருந்தவாறே அது இருந்தது.

பிற்காலத்து அறிஞர் இதனை மேலும் பகுத்தனர். அமெரிக்கச் சமூகவியலாளர் இராபர்ட் வைஸ் 1973இல் வெளியிட்ட நூலில், தனிமை இருவகைப்படும் என்றார். உள்ளத்துக்கு நெருங்கிய ஒருவர் இல்லாமையால் வருவது ஒன்று. தாம் ஓரங்கமாகும் கூட்டம் இல்லாமையால் வருவது மற்றொன்று. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது. ஊரில் உயிருக்குயிரான தாய் இருக்கின்றாள் என்பதனால், விடுதியில் கூட்டமின்றி இருப்பவரின் குறை தீர்வதில்லை. நூறு பேர் கூடி உண்ணும் மண்டபத்தில் இருப்பவருக்கு, அந்நூறு பேரும் சேர்ந்து ஒரு நண்பர் ஆகிவிடுவதும் இல்லை.

சிக்காகோப் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஜோன் கசியப்போ, தனிமையுணர்வைப் பசியோடும் தாகத்தோடும் ஒப்பிட்டார். பசி உடலுக்கு உணவு வேண்டும் என்று அறிவிப்பதுபோல, தனிமை மனிதனுக்கு மனிதர் வேண்டும் என்று அறிவிக்கின்றது. ஆனால் பசித்தவன் உணவை நோக்கிச் செல்கின்றான். தனித்தவனோ பலவேளை மனிதரினின்று ஒதுங்குகின்றான். நெடுநாள் தனித்திருந்த உள்ளம் எச்சரிக்கை மிகுந்த உள்ளமாகிவிடுகின்றது. பக்கத்து மேசையில் எழும் சிரிப்பு தன்னைக் குறித்தது என்று தோன்றும். வணக்கம் கூறியபோது கவனியாது போனவர் வேண்டுமென்றே போனார் என்று தோன்றும். இவ்வாறு தோன்றுவது மாணவரின் குணக்கேடு அன்று. காவல் மிகுந்த மனம் இயல்பாகச் செய்யும் தொழில் அது. இதனை அறியாத விடுதிக் காப்பாளரும் விரிவுரையாளரும் அம்மாணவரைச் 'செருக்குடையவர்', 'ஒட்டாதவர்' எனக் கருதிவிடுவது உண்டு. தீவகத்தார் சிக்கனக்காரர், தம்முள் அடங்கியவர் என்ற ஏளனப் பேச்சும் அதனோடு சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

இனி, மாறுதற் காலம் என்பதன் பொருளை நோக்குவோம். பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1897இல் எழுதிய நூலில், மக்கள் வாழ்வை வெறுக்கும் நிலை வறுமையினால் மட்டும் வருவதில்லை என்று காட்டினார். திடீர் வீழ்ச்சியில் மட்டுமன்றித் திடீர் வளர்ச்சியிலும் அது மிகுகின்றது. எது முறை, எது அளவு, எதை விரும்பலாம், எதை எதிர்பார்க்கலாம் என்று மனிதனுக்கு உணர்த்திவந்த பொதுவொழுங்கு குலைவதே காரணம் என்றார். மாணவரின் வாழ்வில் இதனைப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அமைதிக் காலத்தில் மாணவர் மாறுவர். அவரைச் சூழ்ந்த உலகம் பெரிதும் மாறாது நிற்கும். மாறுதற் காலத்தில் அவர் விட்டுவந்த ஊரும் மாறும்; புகுந்த பல்கலைக்கழகமும் மாறும். ஒரு காலை எடுத்து மற்றொரு படியில் வைக்குமுன் இரண்டு படிகளும் அசைகின்றன.

நாரந்தனையின் வரலாற்றில் இவ்வசைவை மிகத் தெளிவாகக் காணலாம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும், பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் புகுந்தன. முன்பு போதுமாயிருந்த புள்ளி யாழ்ப்பாண மாவட்டத்து மாணவருக்குப் போதாதாயிற்று. உள்ளே போனவருக்கும் வெளியே நின்றவருக்கும் இடையே புதியதொரு கூச்சம் தோன்றியது. 1974ஆம் ஆண்டு ஒக்டோபரில், பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலியில் அது அமைந்தது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நாரந்தனை மாணவருக்குப் பல்கலைக்கழகம் இப்போது மலைநாட்டில் இல்லை. பேருந்தெட்டும் தொலைவில், தமிழ் பேசும் ஊரில் வந்துவிட்டது. 1983 யூலைக் கலவரத்தின் பின் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் இருந்த தமிழ் மாணவர் பலரும் வடக்கே திரும்பினர். இடையில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டிருந்தது. மாணவர் தனித்திருந்து படிக்கவும், தனித்திருப்பவர் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும் உதவிய ஓரிடம் அதனோடு போயிற்று.

பின்னர் 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகம் இராணுவத்தின் கைக்கு மாறியது. தீவுகளின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். கூரை சிதைந்த வீடுகளும், பூசை நின்ற கோயில்களும், மேய்ப்பாரற்ற மாடுகளுமே பின்னே நின்றன. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் இவ்வாறு வெறிச்சோடிய தீவகத்தையே தம் 'காற்றுவெளிக் கிராமம்' தொகுதியிற் பாடினார். அந்நாளில் திருநெல்வேலியிற் கற்ற நாரந்தனை மாணவர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தொலைவிலேயே இருந்தது. பேராதனைக்குப் போன முன்னோரைவிடப் பத்திலொரு பங்கு தொலைவுகூட இல்லை. ஆனால் இடையே போர்முனை இருந்தது. பேர்ண் நகர் இளைஞனுக்கு வாய்த்த வண்டி அவருக்கு வாய்க்கவில்லை. வண்டி கிடைத்தாலும் போய்ச்சேர ஊர் இல்லை. பெற்றோர் ஒரு பாடசாலையிலோ உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ இருந்தனர். அவர்களிடம் போய்த் தன் மனச்சுமையை இறக்கிவைக்க எந்த மாணவருக்கு மனம் வரும்? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, தீவக மக்கள் இரண்டாம் முறை இடம்பெயர்ந்தனர். அக்கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவரும் நூற்பொதியோடு நடந்தனர்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனியொருவரின் உள்ளத்தில் மட்டும் தேடினால் போதாது என்று வற்புறுத்தியவர். தமிழ்க் கிராமத்தில் மனிதரின் உள்ளம் குடும்பத்திலும் ஊரிலும் வேரோடியிருக்கின்றது. ஊர் குலையும்போது குலைவது கூட்டு உள்ளம் என்று அவர் எழுதினார். மாணவரின் தனிமைக்கும் இது பொருந்தும். முற்காலத்து மாணவர் விடுமுறையில் ஊருக்குச் சென்று, திண்ணையில் ஒருவாரம் படுத்திருந்து, ஒடியற்கூழ் குடித்து, தான் யார் என்பதை மீளப் பெற்றுக்கொண்டு திரும்பினார். அவ்விடம் இல்லாதவருக்கு விடுமுறையே கொடியதாயிற்று. விடுதி வெறுமையாகும், போக்கிடம் இராது.

இவ்வளவும் கூறியபின், தனிமை எங்கே தணிந்தது என்பதையும் கூறவேண்டும். பேராதனையில் 1960களில் நிகழ்ந்தது ஒன்று குறிப்பிடத்தக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களில் ஆடப்பட்டுவந்த கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்' என அவை வளர்ந்தன. கலை வரலாற்றில் இவற்றின் இடத்தைப் பலர் எழுதியுள்ளனர். மாணவர் வாழ்வில் இவற்றின் இடம் அவ்வளவு பேசப்படுவதில்லை. கிராமத்திலிருந்து வந்த மாணவர் எதை மறைத்துக்கொண்டு விடுதியில் உலவினாரோ, அந்த ஊர்ப் பாட்டும் ஊர் ஆட்டமும் ஊர்ப் பேச்சும் திடீரெனத் தகுதியாயின. ஆங்கிலம் சரளமாகப் பேசியவர் தாளம் தவறி நிற்க, பேசத் தயங்கியவர் அவருக்கு அடிவைக்கக் கற்றுக்கொடுத்தார். மாலைதோறும் ஒத்திகை. யாரும் யாரையும் 'உனக்கு என்ன குறை?' என்று கேட்கவில்லை. மத்தளம் அடிப்பவர் ஒருநாள் வராவிட்டால் தேடி வந்தார்கள், அவ்வளவுதான். தேடப்படுபவராக இருப்பதைவிடத் தனிமைக்கு நல்ல மருந்து இதுவரை காணப்படவில்லை.

இதற்கு நேர்மாறான மருந்தொன்றும் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக விற்பனையாகிறது. பகிடிவதை செய்வோர், புதியவரின் கூச்சத்தைப் போக்கி எல்லோரையும் ஒன்றாக்குகிறோம் என்பர். கூச்சம் என்னவோ போகின்றது. அதன் இடத்தில் அச்சம் வந்து குடியேறுகின்றது. வதைபட்டவர்கள் ஒன்றாய்த் திரிவர் என்பது மெய்யே. இடியோசைக்கு மிரண்ட மாடுகளும் ஒன்றாய்த்தான் நிற்கும். 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்து மாணவர் ஒருவர் வதையின் விளைவாக உயிரிழந்த பின்னரே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டத்தின் பின்னரும் வழக்கம் முற்றாக மறையவில்லை. ஏற்கெனவே எச்சரிக்கை மிகுந்த ஓர் உள்ளத்துக்கு, மனிதர் ஆபத்தானவர் என்று மெய்ப்பித்துக் காட்டும் முறையை நட்புக்கு வழி என்று கூறுவது எவ்வளவு விந்தை!

2009இல் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துள் வந்து நின்றது. அவ்வண்டி தென்னிலங்கையிலிருந்து மாணவரையும் கொண்டுவந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சிங்கள, முஸ்லிம் மாணவர் தொகை பெருகியது. ஒருகாலத்தில் நாரந்தனைப் பிள்ளை பேராதனைக் கடைத்தெருவில் சொல் தெரியாது நின்றதுபோல, இன்று மாத்தறைப் பிள்ளை திருநெல்வேலிச் சந்தியில் நிற்கின்றது. 2016 யூலையில் புதுமுக மாணவரை வரவேற்கும் விழாவில் எந்தக் கலைவடிவம் இடம்பெறுவது என்ற வாதம் கைகலப்பாக முடிந்தது. இனப்பகை என்று கூறி அதனை முடித்துவிடுவது எளிது. தத்தம் ஊரின் மேளத்தைக் கேட்டால்தான் இவ்விடம் தமக்கும் உரியது என்று நம்ப இயலும் என்ற நிலையில் இருபாலாரும் இருந்தனர் என்பதையும் கருத வேண்டும். முன்பு ஒரு மத்தளம் தனித்தவரைச் சேர்த்தது. இங்கே மற்றொரு மேளம் பிரித்தது. முன்னதில் சேர்ந்து பழகிய மாலைகள் பல இருந்தன. பின்னதில் அவை இல்லை.

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் பொருட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் கணினித் திரைக்கும் கைத்தொலைபேசிக்கும் சென்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் மறுபடியும் அவ்வாறே நேர்ந்தது. அக்காலத்திற் புகுந்தவருட் பலர் சக மாணவரின் முகத்தைக் காணுமுன் பெயர்ப்பட்டியலைக் கண்டனர். உலகெங்கும் இதே நிலை இருந்தமையாற்போலும், உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் மனிதத் தொடர்பைப் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது.

மாணவர் குறைகேட்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவ ஆலோசகர் என்ற பதவியில் விரிவுரையாளர் சிலர் நியமிக்கப்படுகின்றனர். ஏற்பாடு நல்லதே. எனினும், விடைத்தாளைத் திருத்துபவரிடமே சென்று 'எனக்கு உறக்கம் வருவதில்லை' என்று சொல்ல மாணவருக்கு நா எழுவது கடினம். செவிகொடுப்பவர் வேறு, தீர்ப்பளிப்பவர் வேறு என்று இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையம் இத்தகைய செவியாகப் போர்க்காலத்திலேயே இயங்கிற்று. 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ராயோவும் அவ்வாறானதே. உயிர்மேல் வெறுப்பு உண்டாகும் அளவுக்குத் தனிமை முற்றியவர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். ஆனால், அந்நிலைக்கு வருமுன் நெடுங்காலம் ஒன்று இருக்கின்றது. உணவு மண்டபத்துக்குக் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போதல், விரிவுரைக்குக் கடைசியில் வந்து முதலில் எழுதல், வார இறுதி முழுவதும் கதவைத் திறவாதிருத்தல் என அதன் அடையாளங்கள் சிறியன. இவற்றை ஆலோசகர் காண்பதில்லை. அறைத்தோழர் காண்பார், உணவு பரிமாறுபவர் காண்பார், சிலவேளை வாயிற்காவலர் காண்பார்.

நாரந்தனைக்கு மக்களுள் ஒரு பகுதியினர் திரும்பிவிட்டனர். பலர் கொழும்பிலும், கனடாவிலும், ஐரோப்பிய நாடுகளிலும் நிலைத்துவிட்டமையால், பூட்டிய வீடுகள் இன்னும் உள. இன்று அவ்வூரிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவருக்கு, பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்லப் பேருந்து இருக்கின்றது. விடுதி இடங்கள் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் நோக்கிப் பகிரப்படுவதனால், அண்மையில் இருப்பவருக்கு அறை கிடைப்பது எளிதன்று. எனவே அவர் நாள்தோறும் போய்வருகின்றார். வீட்டில் உண்கின்றார், தாயின் முகத்தைக் காண்கின்றார். இவருக்குத் தனிமை உண்டென்று யாரும் எண்ணமாட்டார். ஆனால் வகுப்புக்கு முந்திய பேச்சும், வகுப்புக்குப் பிந்திய ஒத்திகையும், நூலகத்துப் படிக்கட்டில் இருந்து ஆடும் வாதமும் மாலைப் பொழுதில்தான் தொடங்குகின்றன. அவை தொடங்கும் வேளையில் இவர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடுகின்றார். ஊர் செல்லும் கடைசிப் பேருந்து காத்திராது. அடுத்த நாட்காலை மற்றவர்கள் முதல்நாள் மாலையின் நகைச்சுவையைச் சொல்லிச் சிரிக்கும்போது, இவரும் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாமல்.